மழைக்காட்டில் காட்டுத் தேனீக்களை ஆராய்வது எப்படி? அனுமதிக் கடிதம் முதல் ஊசி குத்துவது வரை

மழைக்காட்டுக்குத் தேனீ ஆய்வு என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே வலையோடு இறங்கிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் புட்டியைக் கொட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீ ஒரே வகை இருபது, தேனீ வேஷம் போட்ட ஈ ஆறு, கால் உடைந்த குளவி ஒன்று. எந்தப் பூவில் பிடித்தது என்று கேட்டால், "அந்த வளைவுக்கிட்ட ஒரு வெள்ளைப் பூ இருந்துச்சே, அதுல" என்று பதில் வரும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வலை இதில் எட்டாவது படியில்தான் வருகிறது.

ஆனைமலையில் வால்பாறையைச் சுற்றித் தேயிலைக்கு நடுவே விட்டுவிட்டுக் கிடக்கும் சோலைத் துண்டுகளிலும், அவற்றை ஒட்டிய பெருங்காட்டிலும் செய்த வேலையை வைத்துச் சொல்கிறேன். களக்காடு, அகத்தியமலைப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்தக் காட்டில் என்னென்ன தேனீ இருக்கிறது?" "இந்த மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பது எந்தத் தேனீ?" "தேயிலை ஓரத்துச் சோலையில் தேனீ குறைகிறதா?" இவை மூன்றும் மூன்று வேறு வேலைகள். முதல் கேள்விக்குப் பிடித்தே ஆக வேண்டும். இரண்டாவதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரே முறையைப் பல இடங்களில் இம்மி மாறாமல் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே பருவத்தில் மூன்றையும் செய்யப் போனால் மூன்றும் அரைகுறையாகும்.

இடங்களை ஒப்பிடுவது உங்கள் கேள்வியென்றால் தேனீ பறக்கும் தூரத்தையும் இப்போதே யோசியுங்கள். நெல்லளவே இருக்கும், கொட்டாத கொசுத்தேனீ கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இரை தேடும். உயர்ந்த கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ கிலோமீட்டர் கணக்கில் போய்வரும். இருநூறு மீட்டர் தள்ளி இரண்டு இடங்களைக் குறித்துவிட்டு "இரண்டு சோலை" என்று எண்ணினால், மலைத்தேனீயைப் பொறுத்தவரை அது ஒரே இடம்தான்.

2. அனுமதி: எல்லாவற்றுக்கும் முன்னால்

சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஆய்வுக்காக உள்ளே போகும் அனுமதியை அந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. சோலைத் துண்டு எஸ்டேட் நிலத்தில் இருந்தால் எஸ்டேட் நிர்வாகத்தின் கடிதமும் தனியாக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பூக்கும் பருவம் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்காது.

விண்ணப்பத்தில் பலர் செய்யும் தவறு, "பூச்சிகளை ஆய்வு செய்ய" என்று மட்டும் எழுதுவது. பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு, கொன்று எடுத்துப்போவது வேறு. என்ன முறை, எத்தனை மாதிரி, எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர் யாராவது கூட இருந்தாலோ, மாதிரி வெளிநாடு போவதாக இருந்தாலோ 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே வரும். சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடிதம் வந்த பிறகும் ரேஞ்சரை நேரில் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைக்க வேண்டும். இது மரியாதைக்கு மட்டும் இல்லை. அந்த வாரம் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

3. பருவத்தைப் பிடியுங்கள்

இந்தக் காடுகளில் பெரும்பாலான மரங்கள் பூப்பது வறண்ட மாதங்களில்தான். ஜனவரிக் கடைசியிலிருந்து மே வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அப்புறம் நாள்கணக்கில் வெயிலே இருக்காது. தேனீ கூட்டைவிட்டு வராது, நீங்களும் அட்டைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்புவீர்கள்.

கல்லூரி விடுமுறை மே மாதம்தான் என்று மே நடுவில் வந்து சேருகிறவர்கள் உண்டு. கோடை மழை அதற்குள் நாலைந்து தடவை பெய்து, பூ பாதி கொட்டியிருக்கும். பிப்ரவரியில் ஒரு வாரமாவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

4. என்ன வேண்டும்

பெரிய பட்டியல் தேவையில்லை. கிட்டே இருப்பதற்கும் குவியும் எட்டு மடங்கு பைனாகுலர், ஜிபிஎஸ், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி, பத்து மடங்கு கைலென்ஸ், கையில் அழுத்தி எண்ணும் கவுண்டர், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா வேண்டாம். மழையில் மை கரைந்தால் அந்த நாளே கரைந்த மாதிரி. அட்டைப்பூச்சி ஏறாமல் முழங்கால் வரை வரும் துணி உறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதத்தில் அட்டை குறையும், ஆனால் உண்ணி கூடும். அதற்கும் இதே உறை உதவும்.

கறுப்பு, அடர்நீலச் சட்டை வேண்டாம். வாசனை சோப்பு, சென்ட், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒன்பதாவது படியில் வரும் மலைத்தேனீயை இவை சீண்டிவிடும்.

யூகலிப்டஸ் எண்ணெயும் வேண்டாம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பனாமாவின் பார்ரோ கொலராடோ தீவில் நடந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு ஒரு பையன் புட்டி புட்டியாக வாங்கி வந்தான். அங்கே சினியோல் என்ற வாசனைப் பொருளைப் பஞ்சில் நனைத்துத் தொங்கவிட்டால் ஆர்க்கிட் தேனீயின் ஆண்கள் தேடி வரும், எண்ணிக்கொள்ளலாம். யூகலிப்டஸ் எண்ணெயில் அந்தச் சினியோல்தான் நிறைய இருக்கிறது. ஆனால் ஆர்க்கிட் தேனீ அமெரிக்க வெப்பமண்டலத்தில் மட்டும் உண்டு. ஆனைமலையில் ஒரு வாரம் தொங்கிய பஞ்சுக்கு எறும்பு மட்டும்தான் வந்தது. வேறு கண்டத்து முறையை எடுக்கும்போது அந்தப் பூச்சி இங்கே உண்டா என்று முதலில் பாருங்கள்.

5. முதல் வாரம் வலை இல்லாமல் நடங்கள்

இந்த வாரம் தேனீயைத் தேட வேண்டாம். பூவையும் வெயிலையும் தேடுங்கள்.

மழைக்காட்டின் அடித்தளம் இருட்டு. வெயில் விழும் இடம் என்றால் மரம் விழுந்த திறப்பு, ஓடைக்கரை, பாதை ஓரம், அவ்வளவுதான். தேனீ அந்த வெயில் திட்டுகளோடுதான் நகரும். ஒன்பது மணிக்கு ஒரு செடியில் இருந்தவை பத்தரைக்கு எட்டடி தள்ளி இருக்கும், ஏனென்றால் வெயில் எட்டடி நகர்ந்திருக்கும். எந்தத் திட்டில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, அங்கே என்ன பூத்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். பின்னால் வரும் எல்லா வேலைக்கும் இந்த ஒரு தாள்தான் அடிப்படை.

செடிப் பெயர் தெரியாவிட்டால் கிளையில் எண் அட்டை கட்டி, இலை, பூ, மொட்டு மூன்றையும் படமெடுத்து, ஒரு கொப்பை அழுத்தி உலர்த்துங்கள். அதுவும் அனுமதியில் இருக்க வேண்டும். "வெள்ளைப் பூ" என்று எழுதும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

கூட வரும் வனத்துறை வாட்சர் காடர் பழங்குடியினராக இருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. எந்த மரத்தில் வருஷா வருஷம் மலைத்தேனீ இறங்கும், எந்தப் பொந்தில் கொசுத்தேனீ இருக்கிறது என்பதை அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். கூலியை நாள் முடியும்போது கொடுங்கள், அறிக்கையில் பெயரைப் போடலாமா என்று கேட்டுப் போடுங்கள். தேன் மரங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் வெளியே விடாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு.

6. கண்ணைப் பழக்குங்கள்

எல்லா இனத்தையும் காட்டில் வைத்தே சொல்ல யாராலும் முடியாது. உலகத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தனியாகக் கூடு கட்டுபவை. களத்தில் குழு வரைக்கும் பிரித்தால் போதும்.

முதலில் ஈயா தேனீயா என்று பாருங்கள். மலர் ஈ மஞ்சள் வரியெல்லாம் போட்டுக்கொண்டு தேனீ மாதிரியே வரும். அதற்கு இறக்கை ஒரு ஜோடி, தேனீக்கு இரண்டு ஜோடி. பறக்கும்போது இறக்கையை எண்ண முடியாது என்பதால் முகத்தைப் பாருங்கள். உணர்கொம்பு மயிர் மாதிரி குட்டையாக, கண் தலை முழுக்கப் பரவியிருந்தால் ஈ. அந்தரத்தில் அசையாமல் நின்று சட்டென்று பக்கவாட்டில் நழுவினாலும் பெரும்பாலும் ஈதான்.

அப்புறம் மகரந்தம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அடுக்குத்தேனீ, மலைத்தேனீ, கொசுத்தேனீ மூன்றும் பின்னங்காலில் ஈரமான உருண்டையாகக் கொண்டுபோகும். இலைவெட்டித் தேனீக்கு வயிற்றின் அடியில் மஞ்சள் பூசியது போல இருக்கும். பின்னங்கால் முழுக்க மாவு அப்பியது போல இருந்தால் வியர்வைத் தேனீ, நீலவரித் தேனீ வகைகளைச் சந்தேகப்படுங்கள். பளபளவென்று கறுத்து, கட்டைவிரல் பருமனில் உறுமிக்கொண்டு வருவது தச்சுத் தேனீ, ஊரில் கருவண்டு என்பார்கள்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது கொசுத்தேனீயில். நெல்லளவே இருக்கும் கறுப்புத் தேனீ எல்லாமே கொசுத்தேனீ என்று குறித்துவிடுகிறார்கள். பிரவுன்சாப்பிஸ் என்ற பேரினமும் அதே அளவு, அதே கறுப்பு. அது காய்ந்த தண்டின் துளையில் வாழ்வது. அதன் முகத்தில் தந்த நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும், பின்னங்காலில் உருண்டை இருக்காது. கைலென்ஸ் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

7. உட்கார்ந்து எண்ணுங்கள்

ஒரு பூங்கொத்தின் முன்னால் பத்து நிமிடம். எத்தனை பூ விரிந்திருக்கிறது என்பதை முதலில் எண்ணி எழுதுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் "பன்னிரண்டு தேனீ வந்தது" என்பதற்குப் பொருளே இல்லை. பத்துப் பூவுக்குப் பன்னிரண்டா, நானூறு பூவுக்கா? கூடவே மணி, வெப்பம், வெயிலா நிழலா, காற்று. அப்புறம்தான் தேனீ.

வந்ததை மட்டும் எழுதாதீர்கள், என்ன செய்தது என்றும் எழுதுங்கள். பூவுக்கு வரும் எல்லாமே மகரந்தம் சேர்ப்பதில்லை. மெலாஸ்டோமா பூவைப் பாருங்கள். அதன் மகரந்தப் பை நீளமாக, நுனியில் ஊசித்துளை மட்டும் விட்டு மூடியிருக்கும். கருவண்டும் நீலவரித் தேனீயும் அதைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். ஒரு நொடி "ர்ர்ர்" என்று சத்தம், மகரந்தம் பொடியாக வயிற்றில் கொட்டும். அடுக்குத்தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அது வந்து சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். நோட்டில் இரண்டும் "வருகை" என்று ஒரே கட்டத்தில் விழுந்தால் உங்கள் முடிவு தலைகீழாகிவிடும். சூலகமுடியை (மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய பெண்முனையை) தொட்டதா, மகரந்தத்தைத் தொட்டதா, தேனை மட்டும் திருடியதா என்று மூன்று கட்டங்கள் போடுங்கள்.

பத்து நிமிடமும் ஒன்றும் வரவில்லையா? பூஜ்யம் என்று எழுதுங்கள். தரவுத்தாள்களில் நான் மறுபடி மறுபடி பார்த்த பெரிய ஓட்டை இதுதான். ஒன்றும் வராத பத்து நிமிடத்தை எழுதாமல் விட்டுவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடுகிறார்கள். கடைசியில் கணக்குப் போட்டால் காடு முழுக்கத் தேனீ மொய்ப்பதாக வரும்.

நேரத்தையும் பரப்புங்கள். குளிர்ந்த காலையில் அடுக்குத்தேனீ முந்திக்கொள்ளும், கொசுத்தேனீ வெயில் ஏறிய பிறகுதான் வரும். பத்து மணிக்கு மேல் மட்டும் உட்கார்ந்தால் ஒன்றைத் தவறவிடுவீர்கள். ஐந்து மணிக்கு மூட்டை கட்டுவதும் சரியில்லை. மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில் இரை தேடும். மகாராஷ்டிரத்தின் பீமாசங்கரில், இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கருவண்டில் ஒரு இனம் நிலா இல்லாத இரவிலும் பறப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் யானை நடமாடும் காட்டில் இரவு வேலை வனத்துறை ஆளோடு, முகாமை ஒட்டிய இடத்தில் மட்டும்தான்.

உச்சியில் பூக்கும் மரம்தான் உண்மையான தலைவலி. வெடிப்பலா, நாங்கு, காட்டுநாவல் எல்லாம் இருபது முப்பது மீட்டர் உயரத்தில் பூக்கும். பாதையோரச் செடியில் மட்டும் எண்ணிவிட்டு "காட்டின் தேனீ" என்று எழுதுவது வீட்டுத் திண்ணையைப் பார்த்துவிட்டு வீட்டைச் சொல்வது மாதிரி. கயிறு ஏறப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் ஏறாதீர்கள். சரிவான நிலத்தில் மேலே போய் நின்றால் கீழ்ச்சரிவு மரத்தின் உச்சி கண்மட்டத்துக்கு வரும். அங்கிருந்து பைனாகுலரில் ஒரு கிளையை மட்டும் குறித்து எண்ணலாம். கிடைப்பது மலைத்தேனீயா, அடுக்குத்தேனீயா, "சிறியது" என்ற மூன்று பிரிவுதான். அதை அப்படியே ஒத்துக்கொண்டு எழுதுங்கள்.

8. இப்போது வலையும் கிண்ணமும்

பூவின் மேல் வலையை ஓங்கி வீசினால் பூவும் போகும், அடுத்த பத்து நிமிடக் கணக்கும் போகும். எண்ணி முடித்த கொத்தில்தான் பிடிக்க வேண்டும். தேனீ பூவைவிட்டு எழும்பும் நொடியில் பக்கவாட்டில் வீசி, வலையின் வாயை மடக்குங்கள். பெரும்பாலான தேனீக்கள் வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும். வலை நுனியை வானத்தைப் பார்த்துப் பிடித்து, கீழிருந்து புட்டியை நுழைக்கலாம். ஒரு பூவில் ஒரு வகைக்கு எத்தனை வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, அந்த எண்ணோடு நிறுத்துங்கள். அடுக்குத்தேனீயைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம், கொல்லத் தேவையே இல்லை.

கொல்லும் புட்டியில் எத்தில் அசிடேட் சில சொட்டு, அதற்கு மேல் காய்ந்த டிஷ்யூ துண்டுகள். டிஷ்யூ எதற்கென்றால், இந்தக் காட்டில் புட்டிக்குள் வியர்க்கும். நனைந்த தேனீயின் மயிர் ஒட்டிக்கொண்டு, நிறமும் பட்டையும் தெரியாமல் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். டிஷ்யூவை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நீலம், மஞ்சள், வெள்ளைக் கிண்ணத்தில் வாசனையில்லாத சோப்பு நீர் வைக்கும் பொறி சின்னத் தேனீக்களுக்கு நல்லது. ஆனால் இருட்டான அடித்தளத்தில் வைத்தால் ஈயும் எறும்பும்தான் விழும். வெயில் திட்டில், பூ இருக்கும் உயரத்தில் குச்சி நட்டு வையுங்கள். கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட்டு வலைத்துணி ஒட்டினால் மழை பெய்தாலும் தண்ணீர் வழியும், பூச்சி வழியாது. மலைத்தேனீ, கருவண்டு இரண்டும் கிண்ணத்தில் அநேகமாக விழாது. அதனால் கிண்ணத்தை மட்டும் நம்பி அவை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

9. கூடு தேடுதல்: இங்கே மட்டும் அவசரம் வேண்டாம்

கொசுத்தேனீக் கூடு மரப்பொந்தின் வாயில் பிசினால் செய்த சின்னக் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் எத்தனை தேனீ உள்ளே திரும்புகிறது, காலில் மகரந்தமா பிசினா என்று எண்ணுங்கள். பக்கத்தில் கருங்குங்கிலிய மரம் வடிந்துகொண்டிருந்தால் அதில் போய்ப் பாருங்கள், பிசின் உருட்டும் தேனீ இருக்கும். குழாயைத் தொடாதீர்கள். உடைந்தால் கட்டிமுடிக்கும்வரை எறும்புக்கு வாசல் திறந்த மாதிரி.

மலைத்தேனீ கதை வேறு. உயர்ந்த கிளையிலோ பாறையிலோ ஒற்றை அடை, மேலே போர்வை மாதிரி தேனீக்கள். அந்தப் போர்வையில் அலை ஓடினால் கூடு எதையோ கவனிக்கிறது என்று பொருள். அந்த அலை அடிக்கடி வந்தால் பின்வாங்குங்கள். தேன்பருந்து சுற்றுவதைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். பருந்து அடையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும், கோபம் கீழே நிற்பவன் மேல் இறங்கும். ஒரு தேனீ கொட்டும்போது வெளிவரும் வாசனை மற்றவற்றை அதே இடத்துக்குக் கூப்பிடும். கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, அடர்ந்த புதருக்குள் ஓடுங்கள். கொடுக்கை நகத்தால் வழித்து எடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்பதைவிடச் சீக்கிரம் எடுப்பது முக்கியம். குழுவில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று காட்டுக்குப் போகும் முன்பே கேட்டு, மருத்துவர் சொன்ன மருந்தைப் பையில் வையுங்கள். முகாமிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு நேரம் என்பதையும் ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

10. அன்றைக்கே குத்துங்கள், அன்றைக்கே எழுதுங்கள்

"நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வைத்தால் நாளைக்குப் பூஞ்சை பிடித்திருக்கும். இங்கே ஈரப்பதம் அப்படி. தேனீயைப் பெட்டியில் நிறுத்தும் ஊசி அதன் நெஞ்சின் வலப்பக்கம் நுழைய வேண்டும். நடுவில் குத்தினால் இனம் பிரிக்க உதவும் நடுக்கோடு நாசமாகும், இடப்பக்கமாவது மிஞ்சட்டும் என்பதற்காகத்தான் வலம். நெல்லளவுத் தேனீயைக் குத்தவே வேண்டாம். முக்கோணமாக வெட்டிய அட்டை நுனியில் பசை தொட்டு அதன் வலப்பக்கத்தை ஒட்டுங்கள். மரபணு வேலைக்கு வேண்டியதைத் தனியாக 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், பெட்டியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். எறும்பு ஒரே ராத்திரியில் ஒரு பருவத்து உழைப்பைத் தலை தலையாகக் கழற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சீட்டில் இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர், எந்தப் பூ, தனி எண். தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் போடுங்கள். 4-3 என்றால் மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா என்று பின்னால் வருகிறவர் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது. சீட்டு இல்லாத தேனீ எவ்வளவு அரிதானாலும் செத்த பூச்சி மட்டும்தான்.

11. இனம் கண்டறிய அனுப்பும்போது

குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆணையும் பெண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பல பேரினங்களில் ஆணின் இனவுறுப்பைப் பார்த்தால்தான் இனம் தெரியும். உடம்பு காய்வதற்கு முன்பே, குத்தும் அன்றே, அதைக் கொக்கி ஊசியால் மெல்ல வெளியே இழுத்துவிடுங்கள். ஆண்கள் காலைவேளையில் பூவைச் சுற்றி ரோந்து போகும், பூவில் அதிகம் உட்காராது. "ஆணே கிடைக்கவில்லை" என்கிறவர்கள் உட்கார்ந்த தேனீயை மட்டும் பிடித்திருப்பார்கள்.

நிபுணர் பெட்டியைத் திருப்பி அனுப்ப மாதங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் நோட்டில் "சிறிய கறுப்பு 1", "சிறிய கறுப்பு 2" என்றே இருக்கட்டும். நடுவில் பெயரை ஊகித்து மாற்றி எழுதாதீர்கள்.